வீடில்லாதவனும் போலீசும்
(மூலக்குளத்தில் பேசியது)



இராத்திரியில் கடைத் திண்ணையில் படுத்திருப்பவனிடம் போலீசுக்காரர் போகிறார். எதற்குப் போகிறார் என்பதே நாம் இன்று பேச வந்த விஷயம்.

நமது புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் 1810-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில், நிலையான வீடும் ஜீவனத்துக்கு வழியும் தொழிலும் இல்லாதவன் என்று ஒருவனைத் தீர்மானித்துவிட்டால், அதற்காகவே 3 மாதம் முதல் 6 மாதம் வரை ஜெயில். திருடினானா, அடித்தானா என்ற கேள்வியே கிடையாது. பிரான்சு தேசத்தில் 1994-இல்தான் அது சட்டப் புத்தகத்தை விட்டுப் போயிற்று. வெள்ளைக்காரன் போன பிறகாவது நாம் யோக்கியமாக நடந்தோமா என்றால், அதுவுமில்லை. 1959-இல் பம்பாயில் செய்த பிச்சைத் தடுப்புச் சட்டப்படி, பிழைப்புக்கு வழியில்லாமல் பொது இடத்தில் திரிகிறவனும் பிச்சைக்காரனே. வாரண்டு இல்லாமல் பிடிக்கலாம். முதல் தடவையே 1 முதல் 3 வருஷம் அடைத்து வைக்கலாம். டில்லிக்கும் நீட்டிய அச்சட்டத்தின் பல பிரிவுகள் அங்கே செல்லாவென்று டில்லி ஹைக்கோர்ட்டு சொன்னது 2018 ஆகஸ்டில்தான். வீடு கொடுக்காத சர்க்கார், வீடில்லையென்று தண்டிக்கிறதாம்!

இதை "அவன் தலையெழுத்து" என்று சொல்லி, ஓர் இலைச் சோறு போட்டுப் புண்ணியம் சேர்த்துக்கொண்டு கதவைச் சாத்துகிறவர்களைக் கேட்கிறோம்: ஜெயில் என்று எழுதியவன் மனிதனா, பிரமனா? கோர்ட்டில் அதை அடித்தவன் யார்?

நிற்க. 2021-இல் சென்னைப் போலீசார் "காவல் கரங்கள்" என்று ஒன்று ஆரம்பித்தார்கள். தெருவில் கிடப்பவர்களைத் தொண்டர்களோடு சேர்ந்து காப்பகத்துக்கோ, மனநோயிருந்தால் வைத்தியத்துக்கோ, உறவினர் அகப்பட்டால் ஊருக்கோ சேர்ப்பது அதன் வேலை. தாராளமாகப் பாராட்டுகிறோம். ஆனால் எந்த ஊரானாலும், "ஏய், எழுந்திருடா" என்று எழுப்பினால் அது உதவியாகாது. "ஐயா, சாப்பிட்டீர்களா? வருகிறீர்களா?" என்று கேட்க வேண்டும். வரமாட்டேன் என்றால் விட வேண்டும். மூட்டை தூக்குகிறவனுக்கு விடியற்காலையில் அந்தத் தெருவில்தானே கூலி! கேளாமல் ஏற்றினால், பழைய சட்டத்துக்கும் இதற்கும் வண்டியின் நிறந்தான் வித்தியாசம்.

இன்னொரு அதிகாரியும் இராத்திரியில் போக வேண்டியிருக்கிறது. தேர்தல் கமிஷன் விதிப்படி, வீடில்லாதவர் ஓட்டுக்கு மனுப் போட்டால், வாக்குச்சாவடி அதிகாரி ஒரு நாளுக்கு மேற்பட்ட இரவுகளில் போய், அவர் சொன்ன இடத்தில் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். படுத்திருந்தால் விலாசத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. நடைபாதையே விலாசம்!

அதற்கு 6-ஆம் நம்பர் பாரம் எழுத வேண்டும். எழுதத் தெரிந்த வாலிபர்கள் நாலு பேர், கூட்டம் கலைவதற்குள் இந்த மேஜையண்டை வந்து பெயர் கொடுங்கள்.