உடலோடு பிறந்த காவல்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு வைத்தியப் பட்டம் ஏதும் இல்லை. எனினும் படித்தறிந்த ஒரு செய்தி நம் குடும்பங்களுக்குப் பயன்படும் எனக் கருதிச் சொல்ல விழைகிறேன். நோய்க் கிருமிகளை எதிர்க்க, பிறக்கும்போதே நம் உடலில் அமைந்துள்ள காவலைப் பற்றியதே அது.

அக்காவலின் முதல் அரண் தோல். மூக்கின் வழியே நுழையும் கிருமியைச் சளி சிக்க வைக்கிறது. உணவோடு சென்றவற்றுள் பெரும்பாலானவற்றை இரைப்பையின் அமிலம் அழிக்கிறது. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் பாக்டீரியாக்களின் மேலுறையைச் சிதைக்கும் லைசோசைம் என்னும் பொருள் உள்ளது. 1928-ல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே, அதற்கு முன் 1922-ல் இதனை உலகுக்கு அறிவித்தவர்.

தோல் கிழிந்தால் என் செய்வது? 1882-ல் சிசிலித் தீவின் மெசினா நகரில் ருஷ்ய அறிஞர் எலி மெச்னிகாஃப், ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாட் காலை நோக்க, நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. நம் இரத்தத்தின் வெள்ளணுக்களும் இவ்வாறே விரைந்து சென்று கிருமிகளை விழுங்குகின்றன. இத்துறையில் ஆற்றிய பணிக்காக 1908-ல் அவர் பால் எர்லிக்குடன் நோபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

காயம் சிவந்து வீங்குவது, இரத்தக் குழாய்கள் விரிந்து வெள்ளணுக்களுக்கு வழிவிடுவதனால். சீழில் பெரும்பகுதி, போரில் மடிந்த வெள்ளணுக்களே. ஜுரமும் உடல் தானே மூட்டும் வெப்பம்; பல கிருமிகளின் பெருக்கம் அதில் தளர்கிறது.

ஆகவே சாதாரண ஜலதோஷத்துக்கு நாமாகவே கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கலாகாது. ஜலதோஷம் வைரசினால் வருவது. அம்மாத்திரையோ பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். வேண்டாதபோது உண்டால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகி, உயிர்காக்க வேண்டிய நாளில் அம்மருந்து பயன்படாது போகும்.

இக்காவலை அளவு கடந்து நம்புதலும் தகாது. பச்சிளங் குழந்தைக்கு ஜுரம் கண்டாலும், எவருக்கேனும் மூச்சுத் திணறினாலும், வலிப்பு வந்தாலும் உடனே டாக்டரிடம் செல்க. காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, தேவையான ஊசி போட்டுக் கொள்க.

மேலும், முன் வந்த பகைவனை நினைவில் வைக்கும் ஆற்றல் இப்பிறவிக் காவலுக்கு மிகக் குறைவு. அது, கற்றுப் பழகும் வேறொரு காவலின் தொழில். முதன்முறை அது முழு வலிமை பெறச் சில நாட்கள் ஆகும். அதற்குள் கொடிய நோய் முந்திக் கொள்ளலாம். அக்கல்வியை முன்னரே புகட்டுவதுதான் தடுப்பூசி. மாற்றலாகி ஊர் ஊராய்ச் செல்லும் நாம், பாத்திரம் பண்டங்களோடு குழந்தைகளின் தடுப்பூசி அட்டையையும் மறவாது எடுத்துச் சென்று, விட்டுப்போன ஊசிகளைப் புது ஊரில் போடுவிப்போமாக.