கதவும் கீலும்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர் வானொலியில் பேச வந்தால், கல்வியின் பெருமையைப் பற்றியோ, காலந்தவறாமையைப் பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் மோட்டார் வண்டியின் கதவு. தொய்ந்துபோன கதவையும், ஒன்றோடொன்று இசையாமல் நிற்கும் வெளித் தகடுகளையும் வீட்டிலேயே சீராக்குவது எப்படி என்பதைச் சொல்லப்போகிறேன். இதை நான் நூலைப் பார்த்துக் கற்கவில்லை. தவறு செய்து கற்றேன். ஆகையால் அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் உள்ளது. 2016-ஆம் ஆண்டில் எங்களிடம் ஒரு பழைய வண்டி இருந்தது. பலரிடம் கைமாறி எங்களிடம் வந்தது. அதன் இடப்பக்கத்துப் பின்கதவு எளிதில் மூடாது. ஓங்கி அறைந்தால்தான் மூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குனிந்து உற்று நோக்கினேன். கதவிலுள்ள பூட்டு, தூணிலுள்ள கொண்டிக்குச் சற்றுக் கீழே வந்து முட்டியது. அந்தக் கொண்டியைப் பட்டறையில் ஸ்ட்ரைக்கர் என்பார்கள். அதன் திருகுகளைத் தளர்த்தி, கொண்டியைக் கீழே இறக்கி, மறுபடியும் முடுக்கினேன். கதவு விரல் பட்ட மாத்திரத்தில் மூடிக்கொண்டது. வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

மூன்றாம் மாதம் குடும்பத்துடன் திருச்செந்தூருக்குப் புறப்பட்டோம். பின் இருக்கையில் என் மனைவியும், நான்கு வயதுப் பேத்தியும். அது பின் இருக்கையில் வார் இல்லாத காலத்து வண்டி. செய்துங்கநல்லூரைத் தாண்டி, வலப்புறம் திரும்பும் ஒரு வளைவில் மெதுவாகத்தான் சென்றோம். குழந்தை கதவின்மேல் சாய்ந்தாள், கதவு திறந்துகொண்டது. என் மனைவியின் கை குழந்தையின் சட்டையைப் பற்றியது. அவ்வளவுதான் நடந்தது, ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அந்தக் கை அரை விநாடி பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் இரவில் என்னை எழுப்புவதுண்டு. தோளில் கிடந்த துண்டால் கதவைக் கட்டிக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் வீடு திரும்பினோம்.

மறுநாள் தகடு வேலை செய்யும் டிங்கர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கதவைத் திறந்தார். அதன் நுனியை இரு கைகளாலும் பிடித்து மேலே தூக்கினார். ‘கடக்’ என்று ஓர் ஓசை கேட்டது. “ஐயா, நோய் கீலில் இருக்கிறது, நீங்கள் கொண்டிக்கு மருந்து கொடுத்திருக்கிறீர்கள்” என்றார். கீலின் முளை தேய்ந்து கதவு தொங்கியிருக்கிறது. தொங்கிய கதவுக்கு ஏற்பக் கொண்டியை நான் இறக்கினேன். கதவு மேலும் தொங்கவே, பூட்டு கோணலாகச் சென்று விளிம்பில் மட்டும் கவ்வியிருக்கிறது. ‘டக்’ என்ற ஓசை கேட்டதால் மூடிற்று என்று நம்பிவிட்டேன்.

இங்கே ஒரு செய்தியை நீங்கள் அறியவேண்டும். வண்டிக் கதவின் பூட்டுக்குப் பொதுவாக இரண்டு நிலைகள் உண்டு. முதல் ஓசை அரைப் பூட்டு. இரண்டாம் ஓசை முழுப் பூட்டு. கதவு தவறித் திறந்தால் முதல் நிலை அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு. அதை முழுப் பூட்டு என்று எண்ணிப் பயணம் செய்யலாகாது. 1950-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் மோட்டார் விபத்துக்களை ஆராய்ந்தபோது, கதவு திறந்து வெளியே எறியப்படுவது எத்துணைப் பெரிய ஆபத்து என்பது தெளிவாயிற்று. 1956-ஆம் ஆண்டு வண்டிகளில் ஃபோர்டு நிறுவனம் புதுவகைப் பாதுகாப்புப் பூட்டை அமைத்தது. 1968-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பாதுகாப்பு விதி, பூட்டும் கீலும் எவ்வளவு இழுவையைத் தாங்கவேண்டும் என்று வரையறுத்தது. ஆகவே கதவைச் சீராக்குவது அழகுக்காக மட்டும் செய்யும் வேலை என்று எண்ணாதீர்கள்.

இனி முறைக்கு வருவோம். முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களிலும் உரிய அளவு காற்று இருக்கட்டும். ஒரு சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யலாகாது. உடல் சற்றே முறுகும். இடைவெளிகள் பொய் சொல்லும்.

அடுத்தது அளத்தல். கதவை மூடி, அதைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரே கனமுள்ள அட்டைத் துண்டுகள் சிலவற்றை வெட்டிக்கொண்டு, ஓரிடத்தில் எத்தனை துண்டுகள் சேர்ந்து நுழைகின்றன என்று எண்ணி எழுதுங்கள். மேலே, கீழே, முன்னே, பின்னே என்று எட்டு இடங்களிலாவது எண்ணுங்கள். இக்காலத்து வண்டிகளில் இந்த இடைவெளி பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும்; பழைய வண்டிகளில் சற்று மிகுதியாகவும் இருக்கலாம். அளவு எதுவாயினும், மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருப்பதே இலக்கணம். பின்புறம் மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் கதவு தொங்கிவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, நோயின் இடத்தைக் காணுதல். கதவைத் திறந்து, அந்த டிங்கர் செய்ததுபோல நுனியைத் தூக்கிப் பாருங்கள். கீலிலேயே ஆட்டம் தெரிந்தால் முளையும் அதன் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. அவற்றை மாற்றாமல் வேறு எதைச் செய்தாலும் வீண். கீலில் ஆட்டமில்லை, கீலோடு சேர்ந்து தூணின் தகடே அசைகிறது என்றால், அங்கே துருவோ விரிசலோ இருக்கிறது. அது பற்றவைப்பு வேலை. பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டும் இல்லையென்றால், போல்ட்டுகள் தளர்ந்து கீல் இடம் பெயர்ந்திருக்கலாம். அதை நாமே சீராக்கலாம்.

நான்காவது, நான் மிகத் தாமதமாகக் கற்ற பாடம். வேலை தொடங்குமுன் தூணிலுள்ள கொண்டியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, தொங்கும் கதவை மூடுந்தோறும் தூக்கி நிறுத்திக் குறையை மறைத்துவிடும். கொண்டி இல்லாதபோதுதான் கதவு தன் உண்மையான நிலையில் நிற்கும். புதிதாக ஒட்டிய தடித்த பீடிங் ரப்பரும் இப்படித்தான். அது கதவை வெளியே தள்ளும், நாம் கீலைக் குறைகூறுவோம்.

ஐந்தாவது, எங்கிருந்து தொடங்குவது? நான்கு கதவு வண்டியில் பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு பெரும்பாலும் உடலோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அது அசையாது. எனவே முதலில் பின்கதவை அந்த அசையாத தகட்டுக்கு இசைவாக அமையுங்கள். பின்பு முன்கதவைப் பின்கதவுக்கு இசைவாக அமையுங்கள். போல்ட்டால் பொருத்தப்பட்ட முன் மட்கார்டை முன்கதவுக்கு ஏற்பவும், கடைசியாகப் பானெட்டை இரு மட்கார்டுகளுக்கும் ஏற்பவும் நகர்த்துங்கள். முன்னாலிருந்து தொடங்கியவர்கள், எல்லாவற்றையும் சீராக்கிக்கொண்டே வந்து, கடைசிக் கதவில் இடமின்றித் திகைத்து நிற்பார்கள்.

கீலைத் தளர்த்துமுன், அதன் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்துகொள்ளுங்கள். பழைய இடம் தெரிந்தால்தான் எவ்வளவு நகர்த்தினோம் என்பது தெரியும்; தவறினால் திரும்பவும் முடியும். கதவின் அடியில் ஜாக்கியை வைத்து, மேலே மரப்பலகையும் துணியும் இட்டுத் தாங்குங்கள். கதவு கனமானது, துணைக்கு ஒருவர் இல்லாமல் செய்யாதீர்கள். விளிம்புகளில் காகித நாடா ஒட்டினால் வண்ணம் உரியாது. ஒரு சமயத்தில் ஒரு கீலை மட்டும், தள்ளினால் நகரும் அளவுக்கே தளர்த்துங்கள். பல வண்டிகளில் தூணோடு சேரும் போல்ட்டுகள் கதவை மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்த்த உதவும். கதவோடு சேரும் போல்ட்டுகள் உள்ளும் வெளியும் நகர்த்த உதவும். உங்கள் வண்டியில் எப்படி என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடிவகணிதம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்களுக்கு இங்கே விடை இருக்கிறது. இரு கீல்களுக்கும் இடையே 40 சென்டிமீட்டர், கதவின் நீளம் 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீல், தூணின் பின்முகத்தில் பதிந்திருக்கும் வண்டியில், கீழ்க்கீலுக்கும் தூணுக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டுத் துண்டை வைக்கிறோம். கதவின் அடிப்பாகம் அவ்வளவு பின்னே செல்லும்; மேற்கீலை மையமாகக் கொண்டு கதவு இம்மியளவு சுழலும். மறுமுனை எவ்வளவு உயரும்? 100-ஐ 40-ஆல் வகுத்தால் 2½. ஆம், இரண்டரை மில்லிமீட்டர் உயரும். கீலருகே செய்யும் சிறு மாற்றம் நுனியில் பெரிதாகத் தெரிகிறது. ஆதலால் சிறிது நகர்த்தி, முடுக்கி, மெல்ல மூடி, அளந்து பார்த்த பிறகே அடுத்த மாற்றத்தைச் செய்ய வேண்டும். பொறுமையற்றவன் அரை மணியில் கெடுத்ததை நான் இரண்டு நாள் இருந்து சீராக்கினேன், பொறுமையற்றவனும் நான்தான்.

இடைவெளி ஒத்த பிறகு, கதவின் மேல்முகம் அடுத்த தகட்டோடு சமமாக இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். முன்னுள்ள தகடு ஒரு நூலிழை வெளியே இருந்தால் குற்றமில்லை; பின்னுள்ளது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஓட்டத்தில் காற்று அதில் மோதி இரையும். எல்லாம் முடிந்த பின்னரே கொண்டியைப் பொருத்துங்கள். பூட்டு அதன் நடுவே, கதவைத் தூக்காமலும் இறக்காமலும் நுழைய வேண்டும். இரண்டு ஓசைகளும் கேட்க வேண்டும். பிறகு மூடிய கதவை உள்ளிருந்து அழுத்தியும், வெளியிலிருந்து இழுத்தும் சோதியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. புதிய வண்டிகளின் கதவுகளில் மின்கம்பிகள் ஓடுகின்றன. விபத்தில் காற்றுப் பையை விரிக்கும் உணர்கருவிகளும் சிலவற்றில் உண்டு. அவற்றை வீட்டில் கழற்ற வேண்டாம். விபத்தில் தூணே வளைந்த வண்டியையும் தொட வேண்டாம். ஆனால் அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளை இன்னும் பேணி வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அதன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும், அத்தகைய வண்டியின் அருகே தந்தையோடோ மாமாவோடோ ஒரு விடுமுறை நாளைக் கழிப்பது நல்ல கல்வி.

முடிக்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டிங்கர் சொன்ன சொல் என்னை வேறொரு நினைவுக்கு இழுத்துச் சென்றது. பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் நாள்தோறும் கால் மணி பிந்தி வருவான். நான் அவனை வாசலில் நிறுத்தினேன், கண்டித்தேன், அபராதம் விதித்தேன். சில வாரங்களில் அவன் நேரத்துக்கு வரத் தொடங்கினான். என் முறை வென்றது என்று மகிழ்ந்தேன். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது: விடியற்காலையில் வீடுதோறும் பால் ஊற்றிவிட்டு வந்துகொண்டிருந்தவன், எனக்கு அஞ்சிச் சில வீடுகளை விட்டிருக்கிறான். வருவாய் குறைந்தது, பிறகு படிப்பையே விட்டுவிட்டான். அந்தச் சிறுவனை நான் ஒருநாளேனும் அருகே அழைத்து, ‘ஏன் தம்பி?’ என்று கேட்டதில்லை. கொண்டியை நகர்த்தினேன், கதவு மூடியது, கீலைப் பார்க்கவில்லை. என் பேத்தியைப் பற்ற ஒரு கை அருகே இருந்தது. அவனைப் பற்றியிருக்க வேண்டிய கை என்னுடையது.

இன்று மாலை உங்கள் வீட்டு அலமாரிக் கதவையோ வாசற்கதவையோ பாருங்கள். எங்கேனும் உரசுகிறதா? உரசும் இடத்தைச் செதுக்க உளியைத் தேடுமுன், கதவைத் திறந்து அதன் நுனியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.