வெகுளித்தனம் விடைபெறும் வேளை



பிள்ளை வளர்வதைச் சுவரில் கோடு போட்டு அளந்துவிடலாம். மனத்தால் பெரியவனாகும் நாளை எப்படி அளப்பது? நாவலாசிரியர்கள் பலர் தந்திருக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். பெரியவர்கள் சொல்வது ஒன்று, உலகம் நடப்பது வேறொன்று என்று பிள்ளை கண்டுகொள்ளும் நாளே அது.

அமெரிக்காவின் ஹார்ப்பர் லீ 1960-இல் வெளியிட்ட ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலை எடுத்துக்கொள்வோம். கதை தொடங்கும்போது ஸ்கவுட் என்ற சிறுமிக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. செய்யாத குற்றத்திற்காகக் கூண்டில் நிற்கும் கறுப்பின மனிதருக்காக அவள் தந்தை வாதாடுகிறார். அம்மனிதர் குற்றமற்றவர் என்பது வாதத்தில் தெளிவாகிறது. ஆனாலும் வெள்ளையர்களான ஜூரிகள் ‘குற்றவாளி’ என்றே தீர்ப்பளிக்கிறார்கள். அவளுடைய அண்ணன் ஜெம் அழுகிறான். நியாயம் தானாக வெல்லும் என்ற நம்பிக்கை அன்றோடு போய்விடுகிறது. எனினும், தோற்றாலும் தந்தை சரியான பக்கம் நின்றார் என்ற பெருமை பிள்ளைகளுக்கு மிஞ்சுகிறது.

அந்த ஆறுதலும் இல்லாத ஒரு கதை மலேசிய மண்ணிலேயே பிறந்திருக்கிறது. கெடா மாநிலம் பீடோங்கில் 1942-இல் பிறந்து, 2020-இல் மறைந்த கே.எஸ்.மணியம் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவல் அது. வெளிவந்த ஆண்டு 1981.

கதையின் நாயகன் ரவி. தந்தை மருத்துவமனையில் துணி வெளுக்கும் தொழிலாளி. அவரை ரவி ‘நைனா’ என்று அழைக்கிறான். பாட்டி பெரியதாய் இந்தியாவிலிருந்து வந்து, சிறு வியாபாரம் செய்து பிள்ளைகளை ஆளாக்கியவள். அவள் குடியிருந்த மண் கடைசிவரை அவளுக்குச் சொந்தமாகவில்லை.

ரவியின் வெகுளித்தனம் போனதற்குக் கெட்டவர் எவரையும் கைகாட்ட முடியாது. படிப்புதான் காரணம். தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறுகிறான். அங்கே கேட்கும் கதைகள் அவன் பார்த்திராத ஒரு நாட்டை அழகாகக் காட்டுகின்றன. வீட்டுப் பேச்சும் தந்தையின் தொழிலும் மெல்ல மெல்லச் சிறியதாகத் தெரியத் தொடங்குகின்றன. படித்து இங்கிலாந்து போகிறான், ஆசிரியராகத் திரும்புகிறான். இதற்குள் நைனா, தமக்குச் சொந்தமில்லாத நிலத்தில் ஒரு வீடு கட்டத் தொடங்கிவிட்டார். தாய்க்குக் கிட்டாத மண் தமக்கும் கிட்டாது என்றானபோது மனம் பேதலித்து, அந்த வீட்டோடு எரிந்து மடிகிறார். படித்த மகன் அருகிலிருந்தும் தடுக்க முடியவில்லை.

ஸ்கவுட் உலகத்தின் மீது வைத்த நம்பிக்கையை இழந்தாள். ரவியோ தந்தையின் மொழியை இழந்தான். அதை அவன் உணரும்போது, பேசுவதற்குத் தந்தை இல்லை.

பிள்ளை படித்து முன்னேற வேண்டும் என்ற ஆசை இல்லாத வீடு கிடையாது. அது நியாயமான ஆசை. ஆனால் அந்தப் படிப்புக்கு வீடே ஒரு விலையாகிவிடக் கூடாது என்பதுதான் இந்த நாவல் தரும் எச்சரிக்கை. தாத்தா எந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவினார், பாட்டி எதை விற்று அப்பாவைப் படிக்க வைத்தாள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வெகுளித்தனம் ஒருநாள் போகத்தான் செய்யும். அதைத் தடுக்க எவராலும் ஆகாது. அது போகும் நாளில், பிள்ளை திரும்பிப் பார்க்க வீடு ஒன்று இருக்கட்டும்.