ஒரு கோப்பும் ஓர் எழுத்தும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் தாடிக்கொம்புக்காரன். கரூர் ரோட்டில் பஸ் ஏறி வந்து படித்து, 1980ல் இந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கினேன். 1982ல் சர்வீஸ் கமிஷன் தேர்வு மூலம் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2017ல் ஓய்வு பெற்றேன். 'அரசுப் பதிவேடுகளுக்குக் கட்டாயத் தரம்' என்று தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் இரண்டு பேர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். போகட்டும். அவர்கள் வீட்டுப் பட்டாவும் ஏதோ ஓர் அலுவலகத்து அலமாரியில்தான் இருக்கிறது!

நம் மாநிலத்து அலுவலக நடைமுறைக்கு டாட்டன்ஹாம் முறை என்று பெயர். அந்தப் பெயருள்ள வெள்ளைக்கார ஐ.சி.எஸ். அதிகாரி வகுத்தது. வருகிற தபாலுக்கு ஓர் எண் போட வேண்டும். அந்த எண் எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏற வேண்டும். வேலை முடிந்ததும் கோப்புக்கு ஒரு முடிவு எழுத்துப் போட வேண்டும். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். டி.டிஸ். என்றால் பத்து வருஷம். கே.டிஸ். மூன்று வருஷம். எல்.டிஸ். ஒரே வருஷம். அந்த ஓர் எழுத்துதான் கோப்பின் ஆயுள்ரேகை.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். பெருமைக்குரிய கதை இல்லை.

1984ல் ஒரு தாலுகா அலுவலகத்தில் இருந்தேன். நாளைக்கு ஆய்வு, மேசை மேல் நூற்றுச் சொச்சம் கோப்பு. "முடிச்சு உள்ளே தள்ளுய்யா" என்றார் தலைமை எழுத்தர். ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் படிக்காமல், வரிசையாகக் கே.டிஸ். என்று எழுதித் தள்ளினேன். மறுநாள் ஆய்வு நல்லபடியாக முடிந்தது. எனக்குச் சபாஷ் கூடக் கிடைத்தது.

பல ஊர் சுற்றிவிட்டு 1997ல் அதே அலுவலகத்துக்குத் திரும்பி வந்தேன். ஒருநாள் நடுத்தர வயது அம்மா ஒருவர் வந்து நின்றார். "அய்யா, எங்க மாமனாருக்கு கவர்மெண்டு குடுத்த வீட்டு மனைங்க. அவரும் போயிட்டாரு, எங்க வீட்டுக்காரரும் போயிட்டாரு. பட்டாவைக் கூரையில சொருகி வெச்சிருந்தோம், கறையான் தின்னுருச்சு. இப்ப பக்கத்து வீட்டுக்காரங்க இது புறம்போக்குன்னு வேலியப் புடுங்குறாங்க."

"கவலைப்படாதீங்கம்மா, ஆபீஸ் காப்பி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பதிவறைக்குப் போனேன். பதிவேட்டைப் புரட்டினேன். நில ஒப்படை உத்தரவு, 1984, கே.டிஸ். பக்கத்திலேயே 'அழிக்கப்பட்டது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. கே.டிஸ். என்று எழுதியிருந்த கையெழுத்தைப் பார்த்தேன். என் கையெழுத்து.

என்றைக்கும் இருக்க வேண்டிய கோப்பு அது. மூன்று வருஷத்தில் போய்விட்டது. அழித்தவர் மேல் தப்பில்லை. நான் எழுதிய எழுத்துப்படிதான் அவர் செய்தார்.

அந்த அம்மாவைக் காப்பாற்றியது ஒரே ஒரு வரி. அப்போதிருந்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், ஊர்க் கணக்கின் குறிப்புக் கலத்தில் உத்தரவு எண்ணையும் தேதியையும் தெளிவாக எழுதி வைத்திருந்தார். அதை வைத்து மறுபடி விசாரணை நடத்தி, நகல் பட்டா கைக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை அவர் எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு எங்கள் வராந்தாவில் உட்கார்ந்தார் என்பது எனக்குத்தான் தெரியும். தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். 17(அ) குறிப்பாணை வந்தது. ஊதிய உயர்வு ஆறு மாதம் நின்றது. அது பெரிய தண்டனை என்று நான் நினைக்கவில்லை.

நண்பர்களே, விதி இல்லாததால் இந்தத் தவறு நடக்கவில்லை. விதி இருந்தது. அதைச் சரிபார்க்கத்தான் ஆள் இல்லை. ஆய்வுக்கு வந்தவர் எத்தனை கோப்பு முடிந்தது என்று எண்ணினாரே தவிர, எப்படி முடிந்தது என்று ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. 'கட்டாயத் தரம்' என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்: எழுதி வைத்த விதியை யாராவது வந்து பார்க்க வேண்டும், மீறினால் கேட்க வேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கே தகுதியில்லை. கணக்கு இல்லையென்றால் பதவி இல்லை, அவ்வளவுதான்!

நம் காலத்திலும் சட்டங்கள் வந்திருக்கின்றன. 1993ல் மத்திய அரசு பொது ஆவணங்கள் சட்டம் செய்தது. அதன்படி ஒவ்வொரு அலுவலகத்திலும் ஓர் ஆவண அலுவலர் வேண்டும். முறையில்லாமல் ஆவணத்தை அழித்தால் ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஆனால் அது மத்திய அரசு, யூனியன் பிரதேசங்கள், அவற்றின் நிறுவனங்கள் ஆகியவற்றுக்குத்தான். தாலுகா ஆபீசுக்கு அது பொருந்தாது. 2005ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின் 4வது பிரிவு, எல்லா அலுவலகமும் ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணை போட்டு வைக்க வேண்டும் என்கிறது. இருந்தும் 'கோப்பு கிடைக்கவில்லை' என்ற ஒருவரிப் பதிலை நாம் எல்லோருமே வாங்கியிருக்கிறோம். அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது, தேடு, விசாரி, பொறுப்பாளி யார் என்று பார் என்று 2013ல் டில்லி உயர்நீதிமன்றமே சொல்லிவிட்டது.

வெளிநாட்டைப் பார்த்தால், ஆஸ்திரேலியா 1996ல் பதிவேட்டுப் பராமரிப்புக்கு ஒரு தேசியத் தரம் வகுத்தது. அதை அடியொற்றி 2001ல் ஐ.எஸ்.ஓ. 15489 என்ற உலகத் தரம் வந்தது. இவை வழிகாட்டிகள். நியூசிலாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. 2005ல் செய்த சட்டத்தில், அலுவலகங்கள் கட்டாயம் பின்பற்ற வேண்டிய தரங்களை வெளியிடும் அதிகாரத்தைத் தலைமை ஆவணக் காப்பாளருக்குக் கொடுத்தது. அலுவலகங்களின் ஆவணப் பராமரிப்பைத் தனியாகத் தணிக்கை செய்யவும் வழி செய்தது. பணத்துக்குத் தணிக்கை இருப்பதுபோல் கோப்புக்கும் தணிக்கை!

நம் தாலுகா ஆபீசுக்கும் நான் கேட்பது நாலே நாலு. ஒன்று, எடுத்த முடிவுக்கு எழுத்து வேண்டும். போனில் சொன்னாலும் வாட்ஸ்அப்பில் சொன்னாலும் அது கோப்பில் ஏற வேண்டும். இரண்டு, முடிவு எழுத்தை எழுதுபவர் ஒருவர், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். மூன்று, அழிக்கும் முன் பட்டியலை வெளியே ஒட்ட வேண்டும்; அந்த அம்மாவைப் போன்றவர்கள் பார்க்கட்டும். நான்கு, வருஷா வருஷம் வெளியாள் தணிக்கை. ஜமாபந்தியில் ஊர்க் கணக்கைப் பார்க்கிறோமே, அதுபோல.

"இப்பத்தான் எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிருச்சே சார்" என்பீர்கள். காகிதத்தைக் கறையான் தின்ன மாசக்கணக்கில் ஆகும். கம்ப்யூட்டரில் ஒரு விரல் பட்டால் போதும், போயே போய்விடும்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் குரூப் 4, குரூப் 2 என்று படித்துக் கொண்டிருக்கிறீர்கள். நாளைக்கு உங்கள் மேசைக்கும் நூறு கோப்பு வரும், நாளைக்கு ஆய்வு என்றும் சொல்வார்கள். கோப்பைப் பிரித்து ஒரு முறை படித்துவிட்டு அந்த எழுத்தைப் போடுங்கள். அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வீட்டு மனை இருக்கலாம்.