தொடையெலும்பு முறிந்தால் தாமதம் வேண்டாம்



லயத்துக் குளியலறையில் வழுக்கி விழுந்த மூதாட்டிக்கு “இடுப்பு முறிந்துவிட்டது” என்கிறோம். பெரும்பாலும் முறிந்திருப்பது தொடையெலும்பின் மேல்முனையே. காலைத் தூக்க முடியாது. அடிபட்ட கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும். அப்படிக் கண்டால் எண்ணெய் தடவி இழுக்கலாகாது, நடக்கவைத்துப் பார்க்கலாகாது. கால் அசையாமல் படுக்கவைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

“வயதானவர், கத்தி வைத்தால் தாங்கமாட்டார்” என்று வீட்டிலேயே கிடத்திவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தப் படுக்கைதான் ஆபத்து. அசையாமல் கிடப்பவருக்குப் படுக்கைப்புண் வரும், நிமோனியா காணும், காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறி உயிரையே வாங்கும். ஆகவேதான், ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றோ மறுநாளோ ஆப்பரேஷன் செய்து, அதற்கடுத்த நாளே எழுப்பி நிறுத்த வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள்.

முன்காலத்தில் மாவுக்கட்டுப் போட்டும், எடை கட்டியும் மாதக்கணக்கில் படுக்கவைத்தார்கள். 1925இல் பாஸ்டன் நகர டாக்டர் ஸ்மித்-பீட்டர்சன் மூன்று விளிம்புள்ள ஆணியால் முறிவை இணைத்தார். 1939இல் ஜெர்மன் டாக்டர் குன்ட்ஷர் தொடையெலும்பின் உள்ளேயே உலோகத் தண்டு செலுத்தினார். இன்றைய சிகிச்சை அவ்வழியே வளர்ந்தது.

பட்டையைச் சுற்றிலும் அறுத்துவிட்டால் மரம் பட்டுப்போகும் என்பது பால்மரம் வெட்டும் நமக்குத் தெரியும். எலும்பின் கழுத்து முறிந்தாலும் அப்படித்தான்: இரத்த ஓட்டம் அறுந்து, எலும்பின் தலை பட்டுப்போகலாம். ஆதலால் முறிவு விலகிய முதியவர்க்கு உலோகத் தலை பொருத்துகிறார்கள். இளைஞர்க்குச் சொந்தத் தலையைக் காக்கத் திருகாணி இறுக்குகிறார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்தால் தகடும் திருகாணியும், அல்லது உள்தண்டும் உதவும்.

ஆப்பரேஷனிலும் தொல்லைகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. காயத்தில் சீழ் பிடிக்கலாம், திருகாணி பெயரலாம், எலும்பு ஒட்டாமற் போகலாம், பொருத்திய மூட்டு நழுவலாம். வீடு திரும்பியபின் தையலில் கசிவு, காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல், திடீரெனத் தாங்கமுடியாத வலி ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள்.

வேலையில் ஏற்பட்ட விபத்தானால் 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை. 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் பொறுப்பு. கிராணித் தோழர்களே, அந்தப் பாரம் உங்கள் மேசையில் தூங்கலாகாது.

பெற்றவர் விழுந்துவிட்டால், ஒருநாள் சம்பளம் போகிறதே என்று நாம் தயங்க வேண்டாம். கையெழுத்துப் போட யோசித்துக் கழிக்கும் ஒவ்வொரு நாளும் அவர் ஆயுளில் குறையும் நாள். நம்மைத் தோளில் சுமந்தவர்களை மீண்டும் சொந்தக் காலில் நிற்கவைப்போம்.