பட்டமின்றிக் கணினித் தொழில்

(இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லையே என ஏங்கும் பெற்றோருக்காகச் சில வார்த்தைகள் கூற விழைகிறேன்.

உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழில் கற்பது நெய்வேலிக்குப் புதிதன்று. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி ஃபிட்டராகவும் வெல்டராகவும் எலக்ட்ரீஷியனாகவும் பழகியவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். சுரங்கத்தில் எந்திரம் நின்றுவிட்டால் அவர்களைத்தானே தேடுகிறோம்!

கணினித் துறையிலும் இத்தகைய வழி ஒன்று உண்டு. 1996-இல் தோன்றிய ஜோஹோ நிறுவனம், 2005-இல் ஆறே மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களைத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். கட்டணம் இல்லை, மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. இரண்டாண்டுப் பயிற்சியில் கணினி நிரல் எழுதுதல், கணிதம், ஆங்கிலம் எல்லாம் கற்பித்து, பிற்பகுதியில் நிறுவனத்தின் பணியிலேயே பழக்குகிறார்கள். சென்னையிலும் தென்காசியிலும் இது நடைபெறுகிறது.

இதை எளிய வழி என எவரும் எண்ணிவிட வேண்டாம். மதிப்பெண்ணைவிடச் சிந்திக்கும் திறனையே பெரிதாகப் பார்க்கிறார்கள். மனப்பாடம் செய்தே முதலிடம் பெற்ற பிள்ளை அங்கே திணறலாம். விண்ணப்பிப்போர் பலர், இடங்களோ சில. முடிவில் பட்டமும் கிடையாது. அரசுத் தேர்வுகள் பலவற்றுக்குப் பட்டம் வேண்டுமே என்பீர்கள், உண்மைதான். வேலையில் அமர்ந்த பின்னர், 2002-இல் ஏற்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாக அதையும் படித்துக்கொள்ளலாம்.

பிள்ளை என்று நான் சொன்னது மகனை மட்டுமன்று. அங்கே பெண்களையும் சேர்க்கிறார்கள்.