அஞ்சடியும் ஆறு தடச் சாலையும்



"நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். இன்றைய பேச்சும் நடப்பதைப் பற்றியதுதான். நடப்பதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நடந்து, அங்கிருந்து தீம்பாருக்கு நடந்து, மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளியோடு நிறுக்கும் கொட்டகைக்கு நடந்து வாழ்ந்தவர்கள் நாம். நமக்கு நடையைப் பற்றி ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்ன சொல்லித் தந்துவிடப் போகிறார்? நியாயமான கேள்விதான். என் பெரியம்மாவின் கதையைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

என் பெரியம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, லயங்கள் காலியானபோது, நகரத்தின் ஓரத்தில் அடுக்குமாடி வீடொன்றில் மகனோடு குடியேறினார். வீட்டுக்கு எதிரே ஆறு தடச் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் கோயிலும் இருக்கிறது, கிளினிக்கும் இருக்கிறது, காலைச் சந்தையும் இருக்கிறது. மாடியிலிருந்து பார்த்தால் கோயில் கோபுரம் தெரியும். மணியோசையும் கேட்கும். ஆனால் போக முடியாது. சாலையைக் கடக்க ஒரு மேம்பாலம் உண்டு. ஏறுவதற்கு ஏறத்தாழ நாற்பது படி, இறங்குவதற்கு நாற்பது படி. பெரியம்மாவுக்கோ முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமை மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனால்தான் சாமி தரிசனம்.

ஒருநாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். "தம்பி, தோட்டத்தில் தினம் நாலு கட்டை நடந்தேன். இங்கே நாலு எட்டு நடக்க வழியில்லை. நான் என்ன, கூண்டிலா இருக்கிறேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு படித்ததும், நேரில் பார்த்ததும், செய்ததும்தான் இன்றைய பேச்சு.

நேயர்களே, நகரம் என்றாலே மோட்டார் வண்டிக்கு உரியது, கால்நடையாகப் போகிறவனுக்கு அங்கே இடமில்லை என்று பலர் எண்ணுகிறோம். அது உண்மையன்று. நம் தலைநகரான கோலாலம்பூரையே எடுத்துக்கொள்வோம். கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடுகிற இடத்தில் ஈயச் சுரங்கத் தொழிலால் பிறந்த ஊர் அது. 1880ஆம் ஆண்டில் சிலாங்கூரின் நிர்வாகத் தலைமையிடம் கிள்ளானிலிருந்து அங்கே மாற்றப்பட்டது. மறு ஆண்டு, 1881இல், பெருந்தீயும் வந்தது, வெள்ளமும் வந்தது. மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய வீடுகள் அழிந்தன. 1882இல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டு நகரத்தைத் திரும்பக் கட்ட ஊக்கம் தந்தார். அந்தச் செங்கல் சூளைகள் இருந்த வட்டாரம்தான் இன்றும் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் தாங்கி நிற்கிறது.

அப்படிக் கட்டிய கடை வீடுகளின் முன்னால் ஒரு கூரையிட்ட நடைவழி உண்டு. நாம் அதை "அஞ்சடி" என்கிறோம். மலாயில் "காக்கி லீமா". இந்த ஏற்பாட்டின் மூலம் சிங்கப்பூரில் இருக்கிறது. 1822இல் ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ் சிங்கப்பூர் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோது, ஒவ்வொரு கடை வீட்டின் முன்னும் ஒரே தொடராகக் கூரையிட்ட வழி இருக்க வேண்டும், அது எந்நேரமும் மக்கள் நடப்பதற்குத் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற நம் பூமிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறென்ன? நிலம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு உரியது. இதுதான் அஞ்சடியின் தத்துவம்.

தத்துவம் நல்லதாக இருந்தாலும் நடைமுறையில் தகராறு வராமல் இல்லை. கடைக்காரர்கள் அஞ்சடியிலே சரக்கை அடுக்கினார்கள். சிறு வியாபாரிகள் கடை பரப்பினார்கள். சிங்கப்பூரில் 1888இல் நகராட்சியார் அந்தத் தடைகளை அகற்ற முற்பட்டபோது கலகமே மூண்டது. கடைகள் அடைக்கப்பட்டன. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வழக்கு தீரவில்லை. இன்றைக்கும் சில இடங்களில் அஞ்சடியில் நடந்தால் அரிசி மூட்டை ஒரு பக்கம், மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம். ஒரு கடையின் தளம் உயரம், அடுத்த கடையின் தளம் தாழ்வு. கண் மங்கிய பெரியவர் கால் இடறி விழ வேறு காரணம் வேண்டியதில்லை. நம்மில் கடை வைத்திருப்பவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் கடை முன்னால் இரண்டு பேர் தாராளமாக நடக்க இடம் விடுங்கள். நடக்க வழி இருந்தால்தானே வாடிக்கையாளர் உங்கள் வாசலுக்கு வருவார்?

பழைய கோலாலம்பூரின் அளவு மனிதக் காலின் அளவு. ஐயமிருந்தால் ஒருநாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மஸ்ஜித் ஜாமெக் இரயில் நிலையத்தில் இறங்குங்கள். 1909இல் திறக்கப்பட்ட அழகிய பள்ளிவாசல் ஆற்றுக்கூடலில் நிற்கும். ஒரு பக்கம் துணிக்கடைகள் நிறைந்த மஸ்ஜித் இந்தியா சாலை. இன்னொரு பக்கம், செட்டியார்கள் வட்டிக் கடை வைத்திருந்த லெபோ அம்பாங். அங்கிருந்து பழைய சந்தைத் திடலான மேடான் பாசார். அதைத் தாண்டினால் பாசார் செனி. அடுத்து துன் எச். எஸ். லீ சாலையில், 1873இல் தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். இத்தனையும் சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். வழிபாடு, துணிமணி, பணங்காசு, சந்தை, உறவினர் சந்திப்பு எல்லாம் காலால் எட்டக்கூடிய தூரத்தில் இருந்தன. ஒரு வகையில் நம் தோட்டமும் அப்படித்தானே இருந்தது? லயம், பள்ளிக்கூடம், கோயில், மளிகைக் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் கூப்பிடு தூரம்.

பிறகு எப்படி மாறியது? மக்கள் பெருகினர். பெட்டாலிங் ஜெயா போன்ற புதிய குடியிருப்புகள் நகருக்கு வெளியே எழுந்தன. வீடு ஓரிடம், வேலை ஓரிடம் என்றாயிற்று. 1975இல் கோலாலம்பூரில் மினி பஸ் ஓடத் தொடங்கியது. நெரிசலில் தொங்கிக்கொண்டு போனாலும் ஏழைக்கு அது உற்ற துணையாக இருந்தது. 1998இல் அது நிறுத்தப்பட்டது. இதற்கிடையே 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. சொந்தக் கார் நடுத்தரக் குடும்பத்தின் கனவாயிற்று. கனவு காண்பது தவறில்லை. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு நகர மையத்துக்குள் புகுந்தால் என்னவாகும்? 2023 இறுதியில் நம் நாட்டில் பதிவு பெற்ற வாகனங்கள் 3 கோடியே 60 இலட்சத்தைத் தாண்டின. மக்கள் தொகையோ சுமார் 3 கோடியே 30 இலட்சம். மனிதரைவிட வண்டி அதிகம்!

என் மாணவர்களுக்குக் கொடுக்கும் கணக்கொன்றை உங்களுக்கும் தருகிறேன். நாற்பது பேர் ஒரு பேருந்தில் போனால் சாலையில் அது பிடிக்கும் நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். அதே நாற்பது பேர் ஆளுக்கொரு காரில் போனால், காரும் அதன் முன்னுள்ள இடைவெளியும் சேர்த்து 7 மீட்டர் என்று வைத்தாலும் 280 மீட்டர். இந்த 280 மீட்டருக்கு இடம் எங்கிருந்து வந்தது? நிழல் மரம் வெட்டப்பட்டது. நடைபாதை ஒடுங்கியது. சாலை அகன்றது. பெரியம்மாவின் கோயில் தூரமாகிவிட்டது.

இப்போது காலம் மறுபடியும் சற்றே திரும்பியிருக்கிறது. 1995இல் கொம்யூட்டர் இரயிலும், 1996இல் இலகு இரயிலும், 2003இல் மோனோரயிலும், 2016இன் இறுதியில் எம்.ஆர்.டி. இரயிலும் ஓடத் தொடங்கின. முன்பு வெளியூர்ப் பேருந்தில் வந்தால் புடுராயாவில் இறங்குவோம். 2011 முதல் தெற்கேயிருந்து வருகிறவர்களுக்குப் பண்டார் தாசேக் செலாத்தானில் பெரிய முனையம் இருக்கிறது. அங்கிருந்து இரயிலேறினால் நகர மையத்துக்குப் போய்விடலாம். அறுபது வயதைக் கடந்த குடிமக்களுக்கும், மாணவர்களுக்கும், உடற்குறையுள்ளோருக்கும் நகர இரயில்களில் சலுகைக் கட்டணம் உண்டு. நம்மவர் பலர் அந்தச் சலுகை அட்டையை எடுக்காமலே முழுக் கட்டணம் கட்டுகிறார்கள். பிள்ளைகளே, உங்கள் தாத்தா பாட்டிக்கு அதை எடுத்துக் கொடுப்பது உங்கள் கடமை.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இரயில் நம்மை வீட்டு வாசலில் இறக்கிவிடுவதில்லை. கடைசி அரைக் கிலோமீட்டரை நாம்தான் நடக்க வேண்டும். அந்த அரைக் கிலோமீட்டர் பழுதானால் கோடிக்கணக்கில் செலவழித்த இரயிலும் நமக்குப் பயன்படாது. மனம் வைத்தால் செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கே.எல்.சி.சி.யிலிருந்து புக்கிட் பிந்தாங்வரை, ஒரு கிலோமீட்டருக்கும் மேலான நீளத்தில், குளிரூட்டிய மேல்நடைபாதை 2012இல் திறக்கப்பட்டது. பார்வையற்றோர் பலர் வாழும் பிரிக்பீல்ட்ஸில் காலால் தடவி அறியும் மஞ்சள் கற்கள் பதித்திருக்கிறார்கள். கடைத்தெருவுக்குச் செய்ய முடிந்ததைக் கிளினிக்குக்குப் போகும் வழிக்கும் செய்ய முடியும் அல்லவா?

இனி, சாலையைக் கடப்பதைப் பற்றிச் சொல்கிறேன். தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஆறு தடச் சாலையின் அகலம் நடுத்திட்டோடு சேர்த்து 24 மீட்டர் என்று கொள்வோம். திடமான ஒருவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார். அவருக்கு 20 வினாடி போதும். முழங்கால் வலியுள்ள மூதாட்டி வினாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் 30 வினாடி வேண்டும். பச்சை விளக்கு 20 வினாடியில் அணைந்துவிட்டால், மீதிப் பத்து வினாடியும் அவர் நடுச்சாலையில்தான் நிற்பார். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்தப் பத்து வினாடியில் ஏறத்தாழ 140 மீட்டர் ஓடிவிடும். ஓர் உயிர் இருப்பதும் போவதும் அந்தப் பத்து வினாடியில் இருக்கிறது.

ஆகையால் சில பழக்கங்கள் வேண்டும். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் முதலில் வலப்பக்கம் பாருங்கள், பிறகு இடப்பக்கம், மீண்டும் வலப்பக்கம். சிறு பிள்ளைகளுக்கு வண்டியின் வேகத்தைக் கணிக்கும் ஆற்றல் முழுமையாக வளர்ந்திருக்காது. கார் தூரத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் அவர்கள் காண்பார்கள். எனவே கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், விரலை மட்டும் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். நின்றிருக்கும் பேருந்தின் முன்னால் புகுந்து கடக்காதீர்கள். இருட்டு நேரத்தில் வெளிர் நிற உடை அணியுங்கள். மோட்டார் சைக்கிளில் போகும் தம்பிகளே, பச்சை விளக்கில் ஒரு பாட்டி பாதி வழியில் இருந்தால், உங்கள் விளக்கு மாறிவிட்டது என்று பொறுமை இழக்காதீர்கள். அவர் உங்கள் பாட்டியாகவும் இருக்கலாம்.

நாம் கவனமாக இருப்பது மட்டும் போதாது. வழி சரியில்லையென்றால் கேட்கவும் தெரிய வேண்டும். தோட்டத்தில் குழாய் உடைந்தால் கிராணியிடம் சொல்வோம், தொழிற்சங்கத்திடம் சொல்வோம். நகரத்தில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நம்மவர் வாய்மூடி இருக்கிறார்கள். முதலில், அந்தச் சாலை யாருடைய பொறுப்பு என்று கேளுங்கள். உள்ளூர்ச் சாலை நகராண்மைக் கழகத்தின் கையில் இருக்கும். கூட்டரசுச் சாலை பொதுப்பணித் துறையின் கையில் இருக்கும். தவறான அலுவலகத்துக்குப் போன கடிதம் மேசையிலேயே தூங்கிவிடும். கடிதத்தில் கோபத்தை எழுதாதீர்கள். எந்த இடம், எந்த நேரம், எத்தனை பேர் கடக்கிறார்கள், அவர்களில் முதியோர் எத்தனை, பள்ளிப் பிள்ளைகள் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். புகைப்படம் ஒன்றும் இணையுங்கள். ஒருவர் கையெழுத்துக்குப் பதில் ஐம்பது கையெழுத்து இருக்கட்டும்.

என் பெரியம்மாவின் குடியிருப்பிலும் அதைத்தான் செய்தோம். படித்த பிள்ளைகள் நாலு பேர் காலையிலும் மாலையிலும் நின்று, நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எண்ணினார்கள். எல்லா இனத்தாரும் கையெழுத்திட்டார்கள். முழங்கால் வலி எல்லா இனத்துக்கும் பொதுதானே! முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்துக்கு, மேம்பாலம் இருக்கிறதே என்று பதில் வந்தது. மூன்றாவது கடிதத்தோடு நேரிலே போனோம். ஓராண்டுக்கு மேல் சென்ற பிறகு, பச்சை மனிதன் விளக்கோடு ஒரு கடக்குமிடம் வந்தது.

வேலை முழுதும் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். விளக்கு சீக்கிரம் அணைந்துவிடுகிறது. பெரியம்மா நடுத்திட்டுவரை வந்து, அங்கே நின்று, அடுத்த பச்சைக்குக் காத்திருந்துதான் அந்தப் பக்கம் போகிறார். வினாடியைக் கூட்டச் சொல்லி நாலாவது கடிதம் போயிருக்கிறது. ஆனாலும் இப்போது வெள்ளிக்கிழமை தோறும் அவர் யாருக்காகவும் காத்திராமல், கையில் பூவோடு, தாமே நடந்து கோயிலுக்குப் போய் வருகிறார். வரும் வழியில் சந்தையில் கீரையும் வாங்கிக்கொள்கிறார். சந்தைக்காரப் பெண்ணோடு பேச்சும் வளர்ந்து உறவாகிவிட்டது.

நேயர்களே, உங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளினிக்கும் பள்ளியும் பேருந்து நிறுத்தமும் எவ்வளவு தூரம், வழியில் எங்கே தடை என்று இந்த வாரம் ஒருமுறை நடந்து பாருங்கள். வீட்டில் உள்ள முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் கடிதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.